பிரிஜெட்டின் சுறாக்களும் பூச்சிப்பெட்டிகளும்

பிரிஜெட்டுக்கு வேலை கிடைத்ததே கரப்பான்பூச்சிகளால்தான். 1991 ஜூன் மாதம், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் துறைக்கு லேப் அட்டெண்டர் வேண்டுமென்று ஆள் எடுத்தார்கள். விவேக் நகரிலிருந்து பிரிஜெட்டும், இன்னும் ஆறு பெண்களும் போயிருந்தார்கள். துறைத்தலைவி ரமா மேடம் யாரிடமும் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த கண்ணாடி ஜாடியின் மூடியைத் திறந்து ஒரு தட்டு தட்டினார். உள்ளேயிருந்து ஐந்தாறு கரப்பான்பூச்சிகள் மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தன.

இரண்டு பெண்கள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். ஒருத்தி வாசலைத் தாண்டிப் போனவள் திரும்பி வரவேயில்லை. பிரிஜெட் மட்டும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அடிக்கணுமா மேடம், உயிரோட வேணுமா?"

"உயிரோட" என்றார் ரமா மேடம்.

அவளுடைய அப்பா பேக்கரியில் மாவு பிசைந்தவர். பிரிஜெட் வளர்ந்ததே மாவு மூட்டைகளுக்கும் அங்கே திரியும் பூச்சிகளுக்கும் நடுவில். ஒவ்வொன்றையும் பின்பக்கமாக மடக்கிப் பிடித்து, மீசை முறியாமல் ஜாடிக்குள் திரும்பப் போட்டாள். கடைசிப் பூச்சி மேடத்தின் கைப்பைக்குள் நுழைந்திருந்தது. அதையும் எடுத்தாள்.

"திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கோ" என்றார் மேடம்.

அப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாள், ஆங்கிலம் வாசிக்க வரும், பேசக் கூச்சம். கையெழுத்து மட்டும் முத்துமுத்தாக இருக்கும்.

லேபில் இரண்டு உயிர்கள்தான் முக்கியம் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. முதுகெலும்பு இல்லாதவற்றுக்குக் கரப்பான்பூச்சி, முதுகெலும்பு உள்ளவற்றுக்குச் சுறா. டிகிரி படிக்கும் ஒவ்வொரு பெண்ணும் இரண்டையும் அறுத்துப் பார்த்தாக வேண்டும். வருடத்துக்கு இருநூறு கரப்பான்பூச்சி, அறுபது சுறா. எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்ப்பது பிரிஜெட்டின் பொறுப்பு.

கரப்பான்பூச்சிக்குப் பிரச்சினையில்லை. அப்பாவின் பழைய பேக்கரி கிடங்கில், வாயின் உள்விளிம்பில் வாஸலின் களிம்பு தடவிய பாட்டில்களுக்குள் வாழைப்பழத் தோலைப் போட்டு வைத்துவிட்டு வருவாள். காலையில் போனால் ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்து ஏற முடியாமல் வழுக்கிக்கொண்டிருக்கும். சுறாவுக்கு ரஸல் மார்க்கெட் போக வேண்டும். மீன் வரிசையில் கடை போட்டிருந்த அலெக்சாண்டர், ஒரு முழ நீளத்துக்கு மேல் போகாத பால்சுறாவை அவளுக்காக எடுத்து வைப்பார். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊறுமென்று புட்டு செய்துகொடுப்பார்களே, அதே மீன்.

முதல் தடவை அவள் கேட்ட எண்ணிக்கையைக் கேட்டு அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, அறுவது சுறாவா? உங்க ஏரியாவுல எத்தன பேருக்குப் பிள்ள பொறந்திருக்கு?"

"அறுவது பொண்ணுங்கண்ணே. ஒருத்திக்கும் இன்னும் கல்யாணமே ஆகல."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்றிலிருந்து அவள் மார்க்கெட்டில் 'சுறா டீச்சர்' ஆகிவிட்டாள்.

1993இல் பொம்மசந்திராவில் ஒரு மிஷின் கம்பெனியில் வேலை பார்த்த எரிக் அவளைப் பெண் பார்க்க வந்தான். கூட வந்த அவனுடைய அம்மா, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "காலேஜ்ல என்ன வேல பாக்கறம்மா?" என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் 'ஆபீஸ் வேலை' என்று சொல்லும்படி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"கரப்பான்பூச்சி பிடிக்கிறேங்க" என்றாள் பிரிஜெட்.

எரிக்குக்குக் காப்பி புரையேறிவிட்டது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, இவங்களேதான்" என்றான்.

அவள் வாழ்க்கையில் எல்லாமே அவ்வளவு எளிதாக முடியவில்லை. 1996இல் சிவாஜி நகரிலிருந்து வந்த பஸ்ஸில், நாற்பது பூச்சிகள் அடைத்த டின்னின் மூடி ஒரு பிரேக்கில் கழன்றுவிட்டது. பஸ் முழுக்கக் கூச்சல். கண்டக்டர், "ஏனம்மா இது! இளீரி கெளகே!" என்று கன்னடத்தில் அலறினார். இறங்கச் சொன்னாரே தவிர, அவரே அவளுக்கு முன்னால் இறங்கிவிட்டார். "ஒந்து நிமிஷ சார், எல்லா ஹிட்கொள்தீனி" என்று, எல்லாவற்றையும் பிடித்துவிடுவதாக அவளும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு, பிரிஜெட் சீட்டுகளுக்கு அடியில் தவழ்ந்து முப்பத்தொன்றைப் பிடித்தாள். மீதி ஒன்பதும் அந்த பஸ்ஸிலேயே குடும்பம் நடத்தியிருக்கும். அழுகையும் ஆத்திரமுமாகக் கல்லூரிக்குப் போய் ரமா மேடத்திடம் நடந்ததைச் சொன்னாள். மறுநாள் திருகுமூடி போட்ட ஒரு டின் அவள் மேசைமேல் இருந்தது.

பிராக்டிகல் பரீட்சை நாட்களில் அவள் கதவோரம் நின்று வாய்மொழித் தேர்வைக் கேட்பாள். வருடத்துக்கு வருடம் கேள்வி மாறாது: பூச்சியையும் சுறாவையும் வகைப்படுத்தி ஒப்பிடு. பெண்கள் திக்கித்திணறுவார்கள். பிரிஜெட்டுக்கோ, ஐந்து வருடம் கேட்டதில் எல்லாம் மனப்பாடம். விலங்குகளின் உலகம் இரண்டுக்கும் பொது. அதற்குக் கீழே இறங்கியதும் பாதை பிரிந்துவிடும். கரப்பான்பூச்சி ஆர்த்ரோபோடா தொகுதி, இன்செக்டா வகுப்பு, பெரிப்ளனெட்டா அமெரிக்கானா. பால்சுறா கார்டேட்டா தொகுதி, காண்ட்ரிக்தியஸ் வகுப்பு, ஸ்கோலியோடான் லாட்டிகாடஸ். ஒன்றுக்கு எலும்புக்கூடு வெளியே, ஓடாக. இன்னொன்றுக்கு உள்ளே, அதுவும் எலும்பில்லை, குருத்தெலும்பு. மாதா கோவிலில் மன்றாட்டு மாலை ஜெபம் சொல்கிற ராகத்திலேயே, பாத்திரம் தேய்த்துக்கொண்டு அவள் இதை முணுமுணுப்பாள். எரிக் சமையலறைக்கு வெளியே நின்று, "ஆமென்" என்பான்.

இது தவிர, கடைசி வருட மாணவி ஒவ்வொருத்தியும் ஒரு பூச்சிப்பெட்டி செய்து கொடுக்க வேண்டும், அது துறை பீரோவிலேயே இருந்துவிடும். கல்லூரித் தோட்டத்தில் வலை வீசிப் பிடித்து, குண்டூசியில் குத்தி, முப்பது பூச்சிகள். பெட்டிக்குள் ஒட்டும் பெயர்ச்சீட்டுகளைப் பெண்கள் பிரிஜெட்டிடம்தான் எழுதித் தரச்சொல்வார்கள். அவள் கையெழுத்தில் இருந்தால் இரண்டு மார்க் கூடக் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. லத்தீன் பெயர்களை அர்த்தம் தெரியாமலே ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதுவாள். பத்து வருடத்தில் ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பாள்.

2001 ஜூலை மாதம் ஒரு காலையில் ரமா மேடம் செய்தித்தாளோடு லேபுக்குள் ஓடிவந்தார். அவர் ஓடி பிரிஜெட் பார்த்ததில்லை.

"பிரிஜெட், நம்ம டப்பால எத்தனை சுறா இருக்கு?"

"பதினெட்டு மேடம். கெட்டுப்போகாம ஃபார்மலின்ல போட்டு வெச்சிருக்கேன்."

"போச்சு! சுறா எல்லாத்தையும் புலி மாதிரி சட்டத்துல சேத்துட்டாளாம். பிடிச்சா ஜெயில்!"

உண்மைதான். அந்த வருடம் மே மாதம் திமிங்கலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்திருந்தார்கள். ஒரு பஸ் நீளத்துக்கு வளரும் மீன் அது. ஜூலையில் மற்றச் சுறாக்களையும் திருக்கைகளையும் மொத்தமாகச் சேர்த்துவிட்டார்கள். ரமா மேடத்துக்கு ஓய்வுபெற ஆறு வருடம் பாக்கி. கல்லூரி வாசலில் போலீஸ் ஜீப் நிற்பது போலவும், மதர் சுப்பீரியர் தன்னைப் பார்ப்பது போலவும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"தோட்டத்துல குழி தோண்டிப் பொதைச்சிடலாமா?" என்று கிசுகிசுத்தார்.

"பதினெட்டு சுறாவையா மேடம்? நாயி தோண்டி எடுத்துச்சுன்னா காலேஜ் பூரா சுறாதான் இருக்கும்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிரிஜெட் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நாம மறைக்க என்ன இருக்கு மேடம்? சட்டம் வர்றதுக்கு முன்னாடி வாங்கினது. ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. நான் ஃபாரஸ்ட் ஆபீஸ்ல குடுத்து, என்ன செய்யணும்னு கேட்டுட்டு வர்றேன்."

மறுநாள் மல்லேஸ்வரத்தில் இருந்த வனத்துறை அலுவலகத்துக்குப் போனாள். பார்க்க வேண்டிய அதிகாரி ஸ்ரீகண்டன் கூட்டத்தில் இருந்தார். காத்திருக்கும் நேரத்தில் படிக்கட்டும் என்று பியூன் சட்டத்தின் அட்டவணை நகலைக் கொடுத்தார். பிரிஜெட் பெஞ்சில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினாள். புலி, யானை, கழுகு, முதலை. சுறாவைத் தேடிக்கொண்டே போனவள் பூச்சிகளின் பட்டியலுக்கு வந்துவிட்டாள். நீளமான பட்டியல், எல்லாம் லத்தீன். படிக்கிறவர்கள் அலுத்துப்போய்த் தாண்டிவிடுகிற பக்கம் அது. பிரிஜெட் தாண்டவில்லை. அந்த எழுத்துகள்தான் அவளுக்குப் பழகியவை.

ஒரு பெயரில் விரல் நின்றுவிட்டது. ஹைபோலிம்னஸ் மிசிப்பஸ்.

ஒரு 'எஸ்' கூடவும் ஒரு 'பி' குறைவாகவும் அச்சாகியிருந்தது. ஆனால் அதேதான். அவள் கையாலேயே நூறு தடவைக்கு மேல் எழுதிய பெயர். கறுப்பு இறக்கையில் ஊதா விளிம்பிட்ட வெள்ளைப் பொட்டுகள் கொண்ட பட்டாம்பூச்சி. கல்லூரித் தோட்டத்தில் பருப்புக்கீரை படர்ந்திருந்த மூலையில் சாதாரணமாகப் பறக்கும். வலையில் சுலபமாகச் சிக்கும், பெட்டியில் அழகாக இருக்கும் என்பதால் அதைக் குத்தாத மாணவிகள் குறைவு. பக்கத்தின் தலைப்பைத் திரும்பப் பார்த்தாள். முதல் அட்டவணை. புலி இருந்த அதே அட்டவணை.

சுறாவுக்காகப் பயந்து வந்தவளுக்கு, பீரோ நிறையக் குற்றம் பட்டாம்பூச்சியாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது. ஸ்ரீகண்டன் வெளியே வந்தபோது லெட்டரைக் கொடுத்தாள்.

"சுறாவை அப்படியே வைங்கம்மா, புதுசா வாங்காதீங்க. எழுதிப் பதில் அனுப்பறேன்" என்றார். "வேற ஏதாவது இருக்கா உங்க காலேஜ்ல?"

"இருக்கு சார். எண்ணிட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

ரமா மேடம் முதலில் நம்பவில்லை. "அந்தப் பூச்சியா? அது நம்ம கேட்டுக்கு வெளியில கூடத்தான் பறக்கறது!" நகலை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "முப்பது வருஷமா பாடம் நடத்தறேன். இந்தப் பக்கத்தை நான் படிச்சதே இல்ல" என்றார். பிறகு மெதுவாக, "எரிச்சுடலாமா?" என்று கேட்டார்.

"வேணாம் மேடம். நாம தெரியாம செஞ்சது. தெரிஞ்சப்புறம் எரிச்சா அது தப்பு. எண்ணிக் குடுத்துடுவோம்."

"எண்ணறதுன்னா..."

"நான் எண்ணறேன்."

கடைசி வருட மாணவி மமதா உதவிக்கு வந்தாள். ஜோகுபாளையத்துப் பெண், துறுதுறுவென்று எதையும் நூலகத்தில் தேடிப் படிக்கிறவள். இருவரும் இருநூற்றிப் பன்னிரண்டு பெட்டிகளைத் திறந்தார்கள். கறுப்பு இறக்கைக்காரர்கள் நூற்றிமுப்பத்தேழு. முடிந்தது என்று மமதா பேனாவை மூடியபோது, பிரிஜெட் ஒரு பெட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உள்ளே 'பிளெய்ன் டைகர்' என்று சீட்டு ஒட்டிய ஓர் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி.

"இதப் பாரு. பின் ரெக்கையில மத்ததுக்கு மூணு நாலு பொட்டு இருக்கு. இதுக்கு ஒண்ணுதான்."

மமதா புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். வாயைப் பிளந்தாள். "அக்கா! இது நம்ம கறுப்புப் பூச்சியோட பொம்பள! வேஷம் போட்டிருக்கு. பிளெய்ன் டைகரப் பறவை திங்காது, கசக்கும். அதனால அது மாதிரியே இருக்குது!"

பறவைகளை ஏமாற்றிய வேஷம் துறையின் மூன்று பேராசிரியைகளையும் பத்து வருட மாணவிகளையும் ஏமாற்றியிருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். பெண் பூச்சிகள் நாற்பத்தொன்று. அவள் கையால் எழுதிய நாற்பத்தொரு தப்புச் சீட்டுகள். அதற்காகத்தான் பிரிஜெட்டுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஜெயிலைப் பற்றிக்கூட அவ்வளவு யோசிக்கவில்லை.

ரமா மேடமும் அவளும் சேர்ந்தே மல்லேஸ்வரம் போனார்கள். ஸ்ரீகண்டன் பட்டியலை வாங்கி, மொத்தம் நூற்றியெழுபத்தெட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

"இதை யார் கண்டுபிடிச்சது?"

மேடம் பிரிஜெட்டைக் காட்டினார். "எங்க அட்டெண்டர்."

"மேடம், இத்தனை வருஷத்துல யாரும் பூச்சியக் கணக்கெடுத்துட்டு எங்ககிட்ட வந்தது கிடையாது. மான் கொம்பு இருந்தாலே பரண்ல ஒளிச்சு வெப்பாங்க." இப்போது வெளிப்படையாகவே சிரித்தார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, இருக்கிறதைக் கல்லூரி மியூசியத்தில் பூட்டிவைத்து அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், இனிமேல் ஒன்றுகூடப் பிடிக்கக் கூடாது, அதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார். மேடம் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும், சாலையோரக் கடையில் இரண்டு மசால் தோசை சொன்னார். பத்து வருடத்தில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான்.

டிசம்பரில் இன்னொரு அறிவிப்பு வந்தது. எல்லாச் சுறாவும் என்றிருந்ததைச் சுருக்கி, திமிங்கலச் சுறா உட்படச் சுறா, திருக்கை வகைகளில் பத்தை மட்டும் அட்டவணையில் வைத்திருந்தார்கள். பால்சுறா அந்தப் பத்தில் இல்லை. எதைப் புதைக்கக் குழி தோண்டப் பார்த்தார்களோ அதற்கு விடுதலை. யாரையும் பயமுறுத்தாத பூச்சிதான் சட்டத்துக்குள் நின்றது.

எரிக்குக்கு இது புரியவேயில்லை. "ஒரு கிராம்கூட இல்லாத பூச்சிக்குப் புலி மாதிரி மரியாத. பல்லு இருக்கற சுறாவுக்கு ஒண்ணுமில்லயா?"

"அதிலயும் இன்னொண்ணு இருக்குங்க" என்றாள் பிரிஜெட். மமதா சொல்லிக்கொடுத்ததை அவனுக்குச் சொன்னாள். அட்டவணை நம் நாட்டுச் சட்டம். அது வேறு. உலகம் முழுக்க எந்த உயிர் அழியும் நிலையில் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் போடும் சிவப்புப் பட்டியல் வேறு. ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. திமிங்கலச் சுறா இரண்டிலும் இருக்கிறது. அவளுடைய கறுப்புப் பூச்சி சட்டத்தில் மட்டும்தான். உலகத்தில் அதற்கு இப்போதைக்குப் பெரிய கவலை கிடையாது. கரப்பான்பூச்சியோ எதிலும் கிடையாது.

"அதுக்கு எவன் பட்டியல் போடுவான்" என்றான் எரிக்.

2002 பிப்ரவரியில் கல்லூரிக் கண்காட்சி. ரமா மேடம் ஒரு முழுச் சுவரை பிரிஜெட்டுக்குக் கொடுத்தார். அவள் ஒரு பெரிய சார்ட் எழுதினாள். இடப்பக்கம் அந்தப் பட்டாம்பூச்சி, வலப்பக்கம் பால்சுறா. தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம் என்று இறங்கி, கடைசி இரண்டு கட்டங்களில் சட்டத்தில் எங்கே, சிவப்புப் பட்டியலில் எங்கே என்று எழுதினாள். ஆங்கிலத்துக்குக் கீழே கன்னடமும் தமிழும். விளக்கம் சொல்ல நிறுத்தியிருந்த மாணவி காய்ச்சலில் வராததால், பிரிஜெட்டே குச்சியை எடுத்துக்கொண்டு நின்றாள். முதல் பத்து நிமிடம் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தாள். பிறகு கூட்டம் சேரச் சேர அவளுக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. கன்னடத்தில் கேட்டவர்களுக்குக் கன்னடம், தமிழில் கேட்டவர்களுக்குத் தமிழ்.

ஒரு சின்னப் பெண் முன்வரிசையிலிருந்து, "ஆண்ட்டி, சுறா பட்டாம்பூச்சியத் தின்னுமா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்ததே இல்லடா கண்ணு. ஆனா ரெண்டுக்கும் ஒரே ஆளப் பாத்துதான் பயம்."

"யாரு?"

"நாந்தான். வலயும் கத்தியும் எடுத்துக் குடுத்தவ நாந்தானே."

கூட்டம் சிரித்தது. பின்னால் நின்ற மதர் சுப்பீரியர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் மியூசியம் அசிஸ்டெண்ட் என்று ஓர் உத்தரவு பிரிஜெட்டின் கைக்கு வந்தது. பூச்சிப்பெட்டி வேலையையும் துறை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக மாணவிகள் புதன்கிழமை மத்தியானம் தோட்டத்தில் ஒரு மணி நேரம் நின்று, பறக்கிறதைப் பார்த்து, வரைந்து, எண்ணி எழுத வேண்டும். கூட நிற்பது பிரிஜெட். தோட்டக்காரர் களையென்று பருப்புக்கீரையைப் பிடுங்க வந்தால், "அண்ணே, அது பூச்சியோட பிரசவ வார்டு" என்று தடுத்துவிடுவாள்.

ரமா மேடம் 2007இல் ஓய்வு பெற்றார். எம்.எஸ்ஸி. முடித்த மமதா அதே துறைக்கு விரிவுரையாளராக வந்தாள். 2009இல் ஒருநாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தவள், "அக்கா, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள்.

திரையில் ஸ்கோலியோடான் லாட்டிகாடஸ். சிவப்புப் பட்டியலில், அபாயத்தை நெருங்குகிறது என்ற கட்டத்தில் பால்சுறா இருந்தது. அதிகம் பிடிக்கப்படுவதுதான் காரணம் என்று போட்டிருந்தது.

பிரிஜெட் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். "பதினெட்டு வருஷம்" என்றாள். "வருஷத்துக்கு அறுவது."

"நம்ம அறுவதுல கடல் காலியாகல அக்கா. போட்ல டன் டன்னா போகுது."

"தெரியும். இருந்தாலும் இது நம்ம அறுவது இல்லயா?"

அந்த வாரமே இருவரும் துறைக் கூட்டத்தில் பேசினார்கள். மூத்த பேராசிரியை ஒருவர், அறுக்காமல் எப்படிப் படிப்பு என்று முக்கால் மணி நேரம் வாதாடினார். முடிவில், வகுப்புக்கு ஒரே ஒரு சுறா, ஆசிரியர் அறுத்துக் காட்டுவார், மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள் என்று தீர்மானமாயிற்று. பிரிஜெட் சுவரிலிருந்த சார்ட்டைக் கழற்றி, வலப்பக்கக் கடைசிக் கட்டத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டிப் புதிதாக எழுதினாள். கீழே சின்னதாகத் தேதியும் போட்டாள். இது மாறக்கூடியது, வருகிறவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று.

இப்போதும் புதன்கிழமைகளில் அவளைத் தோட்டத்தில் பார்க்கலாம். எந்தப் பூச்சி கையில் வந்து உட்கார்ந்தாலும் அசையமாட்டாள். சுறாவின் வாய்க்குள் விரலை விட்டுப் பல்வரிசையை எண்ணிக் காட்டுவாள். பாம்பு ஜாடியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறுவாள். ஆனால் மியூசியத்துச் சுவரில் ஒரு பல்லி தெரிந்துவிட்டால் போதும், குச்சியைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடி, "மமதா, மமதா" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். மாணவிகள் அதைத் துரத்தி முடிக்கும்வரை உள்ளே வரமாட்டாள்.